வெளிர்நீலத்தில் ஒரு ராணி

என் கடைச் சுவரில் ஒரு ஜப்பான்காரர் முறைத்துக்கொண்டிருப்பார். ஒரு கண் நேராகப் பார்க்கும். மறு கண் மூக்கின் பக்கம் ஒதுங்கியிருக்கும். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்க வருகிறவர்கள் முதலில் அவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் பரவாயில்லை என்ற எண்ணம் அவர்கள் முகத்தில் தெரியும். ஐம்பதை நெருங்குகிற வயதில் எனக்கு வேறு எந்த வகையிலும் அந்தப் பெயர் கிடைக்காது என்பதால், ஜனவரி முடிந்த பிறகும் அந்தத் தாளைக் கிழிக்காமல் மார்ச் வரை வைத்திருந்தேன்.

அது ஒரு காலண்டர். என் மைத்துனர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் இருக்கிறார். புது வருஷத்துக்கு அவர்கள் கொடுத்ததை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாதத்துக்கு ஒரு நடிகர். அந்த நாட்டின் பழைய நாடகக்காரர்களை மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் தடவி, காகிதத்தில் ஒற்றியெடுத்த படங்கள். என் மனைவி இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைங்க பயந்துக்கும்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பிள்ளைகள் இருவரும் காலேஜ் படிக்கிறார்கள். இருந்தாலும் வீட்டில் வைக்க முடியாத பொருட்களைக் கடைக்கு அனுப்புவது அவளுடைய வழக்கம். நானும் அப்படித்தான் தினமும் காலையில் கடைக்கு அனுப்பப்படுகிறேன்.

கடை, திருத்தணியில் மலைக்குப் போகிற வண்டிகள் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். "இந்த அம்மா யாருங்க, இவ்ளோ கோவமா கீது?" என்றார் ஒருவர். "உங்க மாமியாரா?" என்றார் இன்னொருவர். பதில் தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஓனருக்கு அழகில்லை. ஒரு மழை நாளில், மெஷினும் ஓடாமல் ஆளும் வராமல் இருந்தபோது, செல்போனில் தேடித் தேடிப் படித்தேன்.

அந்தப் படங்களில் சும்மா இருப்பது எதுவுமே இல்லை. முகத்தில் சிவப்புக் கோடு இழுத்திருந்தால் வீரன். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீலக் கோடு என்றால் கெட்டவன், இல்லாவிட்டால் ஆவி. பழுப்பு என்றால் அது மனுஷப் பிறவியே இல்லை. கண்ணை அப்படி ஒதுக்குவது நாடகத்தின் உச்சக்கட்டம். நடிகர் அந்த நொடியில் அப்படியே உறைந்து நிற்க, ஜனங்கள் அவர் பேரைச் சொல்லிக் கத்துவார்களாம். நம் பக்கக் கூத்தில் சிவப்பு முகம் எழுதினால் அவன் ஆணவக்காரன், பெரும்பாலும் பொழுது விடிவதற்குள் செத்துப்போகிறவன். ஒரே சிவப்பு, கடல் தாண்டினால் நல்லவன் ஆகிவிடுகிறான். சட்டைக் கையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் இருந்தால் அவர் இன்ன நடிகர் குடும்பம் என்று அர்த்தம். இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. நம் ஊரில் வேட்டிக் கரையைப் பார்த்தே கட்சியைச் சொல்லிவிடுகிறோமே.

யோசித்துப் பார்த்தால் என் பிழைப்பே அடையாளங்கள்தான். மயில் இருந்தால் மஞ்சள் நீராட்டு விழா. இரண்டு விளக்கும், பறக்கிற புறாவும், சொட்டு விடுகிற கண்ணும் இருந்தால் கண்ணீர் அஞ்சலி. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கூட ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்து, இந்த வீட்டில் மொய் வைக்க வேண்டுமா மாலை போட வேண்டுமா என்று முடிவுசெய்துவிடுவார். என் கம்ப்யூட்டரில் தலையில்லாத உடம்புகள் நிறைய உண்டு. கோட்டு உடம்பு, பட்டு வேட்டி உடம்பு, சால்வை போர்த்திய உடம்பு. வருகிற தலையை எடுத்து ஏதாவது ஒன்றின் மேல் ஒட்டுவேன். இதை எண்ணி வெட்கப்பட்டதுண்டு. ஆனால் அந்த ஜப்பான்காரர்களும் அவசரத்துக்குப் பழைய கட்டையில் முகத்தை மட்டும் தோண்டியெடுத்துவிட்டு வேறு முகத்தைச் செருகி அச்சடித்திருக்கிறார்கள் என்று படித்த பிறகு, நான் ஒரு பெரிய பாரம்பரியத்தின் கிளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் மாதப் படம் மற்றவை மாதிரி இல்லை. முறைப்பு இல்லை, சாயம் இல்லை. வெளிர்நீல அங்கியில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஜபமாலை. பக்கத்தில் வெள்ளைப் பூவோடு ஒரு கிளை. அந்த நீலம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அந்த மாதம்தான் எனக்கு ஐம்பதாவது பிறந்தநாள். ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கிறவன் தனக்கு அடித்துக்கொள்ளாவிட்டால் எப்படி? அதே வெளிர்நீலத்தில், அதே மாதிரி உட்கார்ந்து, பக்கத்தில் நந்தியாவட்டைக் கிளையோடு என்னை நானே வடிவமைத்துக் கடை வாசலில் கட்டினேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் படத்தைப் பற்றிப் படித்தேன். புகழ்பெற்ற நடிகர் ஒருவர் இறந்துபோனால், ரசிகர்கள் வாங்கி வைத்துக்கொள்வதற்காக அவசரமாக அச்சடிக்கிற படமாம் அது. வெளிர்நீலம் சாவின் நிறம். அந்தக் கிளை பிணத்துக்கு வைக்கிற கிளை.

ஆக, என்னுடைய கண்ணீர் அஞ்சலியை நானே ஜப்பான் பாஷையில் அடித்து, நானே கட்டி, அதன் கீழ் நின்று கேக்கும் வெட்டியிருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "அதான் அன்னிக்கி அவ்ளோ நல்லவராட்டம் தெரிஞ்சீங்களா?" என்றாள்.

இந்தக் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தவர் கூத்துக்காரர். பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு. பகலில் தறி, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ராத்திரியில் கூத்து. முப்பது வருஷமாகப் பொம்பளை வேஷம்தான் கட்டுவார். அவருடைய செட்டுக்கு நோட்டீஸும் பேனரும் நான்தான். மாதத்துக்கு ஒரு தடவை, "இன்னா ஓனரே, இந்த மாசம் எவரு?" என்று கேட்டுக்கொண்டே வருவார். வந்ததும் காலண்டர் முன்னால் நின்றுவிடுவார்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பெண். தலை நிறைய சீப்பும் கொண்டை ஊசியும், நெற்றிக்கு மேலே ஊதா நிறத்தில் ஒரு சின்னத் துணி.

"இது பொம்பள இல்லீங்க" என்றேன், ஞானத்தைக் காட்டுகிற ஆசையில்.

"அதான் பாத்தாலே தெரியுதே."

"எப்பிடித் தெரியுது?"

"எந்தப் பொம்பள இவ்ளோ பொம்பளையா இருப்பா?" என்றார்.

அந்தத் துணியின் கதையைச் சொன்னேன். பெண் வேஷம் கட்டுகிற இளைஞர்களின் அழகில் ஊர் கெட்டுப்போகிறது என்று, அந்தக் காலத்தில் அரசாங்கமே அவர்களுடைய முன்மயிரைச் சிரைக்கச் சொல்லிவிட்டதாம். சிரைத்த இடத்தை மறைக்க ஊதாத் துணியைக் கட்டினார்கள். கொஞ்ச நாளில் அந்தத் துணியே அழகாகிவிட்டது. படத்தில் ஊதாத் துணி இருந்தால், இது ஆண், பெண்ணாக நடிக்கிறவர், அதில் பேர்போனவர் என்று ஜனங்கள் தெரிந்துகொள்வார்கள்.

அவர் தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எனக்கும் முன்னால போயிடுச்சு ஓனரே. கவர்மெண்ட்டுக்கு வேல வெக்காம ஆண்டவனே செரைச்சுட்டாரு. அந்தத் துணி ஒண்ணு பார்சல் சொல்லேன்."

அவருக்குத் துணி தேவையில்லை. அவருடைய அடையாளம் ஒரு ரோஸ் நிறக் கைக்குட்டை. இடது கையில் இரண்டு விரலுக்கு நடுவில் அதைப் பிடித்திருப்பார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் காரியத்துக்கு முந்தின ராத்திரி கூத்து வைப்பது உண்டு. போர்க்களத்தில் ஒரு ராஜா சாகிற கதை. விடிகிற நேரத்தில் ராணி வருவாள். புருஷன் கிடப்பதைப் பார்த்ததும் பாட்டு நிற்கும், மேளம் நிற்கும். அந்த விரல்கள் திறந்து கைக்குட்டை கீழே விழும். அவ்வளவுதான். அதுவரைக்கும் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அழுவார்கள். இதை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கண்ணில் தூசி விழுந்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவருக்கும் விழுந்திருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, தறிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். நெஞ்சு வலி. சேதி சொல்ல வந்தவர் அவருடைய அண்ணன். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், எப்போதும் சட்டையில் இரண்டு பேனா. அவர் கொண்டுவந்தது ஆதார் கார்டில் இருந்த போட்டோ. எந்த மனுஷனையும் தேடப்படும் குற்றவாளியாக்கிவிடுகிற அந்த போட்டோவுக்குக் கீழே, "கோட்டு போட்டுடுப்பா, டீசண்டா இருக்கும்" என்றார். மறுக்கிற நேரமா அது? கோட்டு உடம்பை ஒட்டி, விளக்கு, புறா, கண் எல்லாம் போட்டு ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பேனரைப் பார்த்த யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அம்மையார்குப்பத்தில் டீக்கடை வைத்திருப்பவர் அவருடைய கூத்து ஒன்றுவிடாமல் பார்க்கிறவர். அவர் பின்னால் என்னிடம் சொன்னார்: "பஸ்லேர்ந்து பாத்தேன். எவரோ ஹெட்மாஸ்டர் பூட்டாருன்னு நெனச்சேன்." முப்பது வருஷமாக ஜனங்கள் பார்த்த முகம் அரிதாரம் பூசிய முகம். அதைக் கழுவிவிட்டு, கோட்டையும் மாட்டிவிட்டால் எப்படித் தெரியும்?

காரியத்துக்கு மூன்று நாள் முன்னால், அந்த அண்ணன் மறுபடி வந்தார். கூடவே கூத்துக்காரரின் மகள்; அவளுக்கு அவர் பெரியப்பா. அந்தப் பெண் அரக்கோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். நகரியில், ஆந்திராவில், தறி வைத்திருக்கிற ஒரு குடும்பத்துப் பையனோடு ஆவணியில்தான் தட்டு மாற்றியிருந்தார்கள். தையில் கல்யாணம்.

அவள் செல்போனை என் மேசையில் வைத்தாள். திரையில் அவர், ராணி வேஷத்தில். முகம் முழுக்க ரோஸ் பூச்சு, புல்லாக்கு, ஜிகினா வைத்த நெற்றிப்பட்டம், இடது கையில் கைக்குட்டை.

"இந்த போட்டோ போட்டு அடிங்கண்ணா. நைனா செத்தன்னிக்கி கூத்து பாக்கறவங்க ஒருத்தர் கூட வரல. இன்னிக்கி வரைக்கும் நைனா நம்பருக்கு ஃபோன் பண்ணி, பங்குனிக்கு வருவாரான்னு கேக்கறாங்க. நான்தான் எடுத்து எடுத்து பதில் சொல்லிக்கினு கீறேன்."

பெரியப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காரியத்துக்கு நகரிலேர்ந்து சம்பந்தி வூட்டாரு வராங்க. வாசல்ல ஒங்கப்பன் பொடவ கட்டிக்கினு நின்னா இன்னா நெனைப்பாங்க? கல்யாணம் நின்னு போச்சுன்னா அப்பறம் எவன் வருவான்?"

"கூத்து கட்டுவாருன்னு அவங்களுக்குத் தெரியுந்தானே பெரியப்பா?"

"கூத்துன்னு தெரியும்."

"இன்னா வேஷம்னு சொன்னீங்க?"

அவர் சட்டைப் பேனாவைச் சரிசெய்துகொண்டார். "ராஜா வேஷம்னு சொன்னேன்."

"பெரியப்பா!"

"இன்னாம்மா தப்பு? ராஜா பொண்டாட்டியும் ராஜ குடும்பந்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. அந்த நேரத்தில்தான் சுவரில் இருந்த ஜப்பான்காரர்கள் எனக்கு ஒரு வழி காட்டினார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரையும் உட்காரவைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்தேன். வெள்ளைச் சட்டை உடம்பு. அதன் இடது கையை எடுத்துவிட்டு, ராணியின் கையை ஒட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவில் ரோஸ் கைக்குட்டை.

"பாருங்க" என்றேன். "சட்டையில டீசண்டாவும் இருக்காரு. கைய பாத்தா, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சுடும்." ஊதாத் துணி, மூன்று சதுரம் எல்லாவற்றையும் விளக்கினேன். நல்ல அடையாளம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது என்றெல்லாம் பேசினேன். என் அறிவை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "சளி புடிச்சவன் மாதிரி கீறானே. பரவால்ல, இதே இருக்கட்டும்."

மகள் நெடுநேரம் பார்த்தாள். "தெரிஞ்சவங்களுக்கு மட்டும் தெரியணும்னா பேனர் எதுக்குண்ணா? காதுல சொல்லிட்டு வந்துடலாமே" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த ஊதாத் துணியை நான் பாதிதான் புரிந்துகொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றியது. மறைக்கக் கட்டியதுதான் அது. ஆனால் படத்தில் அதை வரைந்தவர்கள் மறைக்கவில்லை. இன்னார் இவர் என்று எல்லாருக்கும் சொல்வதற்காக நெற்றிக்கு மேலேயே வரைந்தார்கள். நான் அதை வைத்து மனுஷனை ஒளிக்கப் பார்த்தேன்.

அவள் செல்போனை எடுத்து, ராணி படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். கூடவே என்னவோ தட்டினாள். என்ன என்று பெரியப்பா கேட்டார். "இதுதான் எங்க நைனா, ராஜா இல்ல, ராணி, பேனர்ல இந்தப் படந்தான் வரப்போவுதுன்னு போட்டேன்" என்றாள். டிக் இரண்டும் நீலமாயின. மூன்று பேரும் அந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடையில் மெஷின் வழக்கம்போல முன்னும் பின்னும் ஓடி யாருக்கோ மயில் அடித்துக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா. இப்போது அவர் குரலில் அதட்டல் இல்லை. "நான் ஒனக்காகத்தாம்மா சொன்னேன்."

"ஆங், தெரியும் பெரியப்பா" என்றவள், என் பக்கம் திரும்பி, "அடிங்கண்ணா" என்றாள். செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பேனரில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ராணியை நடுவில் நிறுத்தினேன். இவ்வளவு நல்ல படத்தின் மேல் விளக்கும் புறாவும் வேண்டாம் என்று தோன்றியது. பின்னணிக்கு, ஜூன் மாதத்து வெளிர்நீலம். பக்கத்தில் நந்தியாவட்டைக் கிளை. பேரும், நினைவஞ்சலி என்பதும் கீழே சின்ன எழுத்தில், படத்தின் அமைதியைக் கெடுக்காமல். தேதியும் ஊரும் மட்டும் கொஞ்சம் பெரிதாக. தெருமுனையில் ஒன்று, பொதட்டூர்பேட்டை பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று, அம்மையார்குப்பம் திருப்பத்தில் ஒன்று. கட்டி முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். இதைப் பார்த்தால் ஜப்பானில் ஒருவராவது நின்று தொப்பியைக் கழற்றியிருப்பார். திருத்தணிப் பக்கம் வெளிர்நீலத்துக்கு அப்படி ஒரு அர்த்தம் இல்லை என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், அதுதான் நான்.

காரியத்தன்று நகரிக்காரர்கள் வந்தார்கள். பையன் அதுவரை பதில் எதுவும் அனுப்பவில்லை. வேனில் இருந்து இறங்கி, தெருமுனைப் பேனரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். அவனுடைய அம்மா கொண்டுவந்த கோடித் துணியைத் தட்டில் வைத்துவிட்டு, பந்தலில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்கிற உட்காரல். பெரியப்பா அவருக்கு இரண்டு முறை காப்பி கொண்டுபோனார். இரண்டு முறையும், "வேணாங்க, ஆச்சு" என்றார். மகள் வாசல் பக்கமே நின்றாள். படையல் முடிந்தது, சாப்பாடு முடிந்தது. கல்யாணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பெண்களாக இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு பாய். ஒருவர் கையில் பிளாஸ்டிக் ஷீட், ஒருவர் கையில் சாப்பாட்டுத் தூக்கு, ஒருவர் கழுத்தைச் சுற்றிக் கம்பளி. பின்னாலேயே இன்னொரு ஆட்டோ. கூத்துக்கு முன்னால் இடம் பிடிக்க வருகிறவர்களை எந்த ஊரிலும் அடையாளம் தெரியும்.

முதலில் இறங்கியவர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். "இன்னாபா, இன்னும் மேடையே போடல? ராணி எத்தினி மணிக்கு வருவாங்க?"

பந்தலில் அத்தனை பேரும் அந்தப் பெண்களைப் பார்த்தார்கள். பிறகு, எனக்குத் தோன்றியது, அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கில்லை, புறா இல்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தேதியும் ஊரும் தவிர எதுவும் எட்டாத சின்ன எழுத்து. நடுவில் ஆளுயரத்துக்கு ராணி. அதைக் கூத்து பேனர் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? பெரியப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

மகள்தான் அவர்களிடம் போனாள். "ராணி எங்க நைனாதாம்மா. தவறிட்டாரு. இன்னிக்கித்தான் காரியம்."

பாயோடு நின்ற அந்த அம்மாளுக்கு உடனே புரியவில்லை. தெருமுனையில் இருந்த பேனரைத் திரும்பிப் பார்த்தார். "தோ, அந்தக் கலர்ல நிக்குதேம்மா. விடியச்சொல்ல ராணி வர்ற நேரம் மாதிரி. அந்தக் கட்டந்தான் போடறாங்கன்னு நெனச்சு, எல்லாரையும் கூட்டிக்கினு வந்தேனே."

விடிகிற நேரத்து வானம். நான் ஜப்பானிலிருந்து கொண்டுவந்ததாக நினைத்த நிறம், இந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. கூத்து பார்த்துப் பார்த்து, அந்த நீலம் வந்தால் இனி அழுகை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் திட்டமிட்டே செய்தேன் என்று பின்னால் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருமே நம்பவில்லை.

அந்த அம்மாள் பாயை விரித்து மண்ணில் போட்டார். உட்கார்ந்தார். மற்றவர்களும் விரித்தார்கள். முதலில் அழுகை இல்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவர் ஆரம்பிக்க, எல்லாரும் அழுதார்கள். கோட்டுப் பேனருக்கு வராத அழுகை அத்தனையும் அன்றைக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது.

நகரி அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார். போகத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்தார், வேகமாகப் பின்னாலேயே போனார். ஆனால் அந்த அம்மாள் நேராக, முதலில் பாய் விரித்த பெண்ணிடம் போய்க் குனிந்தார்.

"மீரு எவரும்மா? சொந்தமா?"

"சொந்தம் இல்ல தாயி. எம் புருஷன் செத்தப்ப எனக்கு அழுகையே வரல. கல்லாட்டம் உக்காந்துகினு இருந்தேன். ஊரே ஒரு மாதிரி பேசிச்சு. காரியத்து கூத்துக்கு இவர்தான் ராணி. கைக்குட்டைய கீழ போட்டாரு பாரு, அப்பதான் வந்துச்சு. அது வரலன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ."

நகரி அம்மாளும் புருஷனை இழந்தவர்தான். அது எனக்கு அப்போது தெரியாது, பெரியப்பாவுக்குத் தெரியும். அவர் சட்டென்று நின்றுவிட்டார். நகரி அம்மாள் பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். "ஏ சேத்தோ? எந்தக் கையால போடுவாரு?" என்று கேட்டார். பாய்க்காரப் பெண் தன் முந்தானை நுனியை இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் காட்டினார்.

எழுந்தபோது நகரி அம்மாள் பெரியப்பாவைத்தான் தேடினார். "ராஜா வேஷம்னு சொன்னீங்க."

பெரியப்பா சட்டைப் பேனாவைச் சரிசெய்துகொண்டார். ராஜ குடும்பம் பற்றிய வாதம் அவருக்கே மறந்துபோயிருக்க வேண்டும்.

"ராஜாவா இருந்தா இவ்ளோ பேரு பாய எடுத்துக்கினு வந்து அழுவாங்களா? எதுக்கு மறைச்சீங்க? நாங்க தப்பா நெனப்போம்னு நீங்களே நெனச்சுக்கிட்டீங்க. அதான் எனக்குக் கோவம்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நுவ்வு அந்தப் படத்த அனுப்புன. எம் புள்ள எங்கிட்ட காட்டல. பதிலும் போடல. அவனுக்குத் தைரியம் பத்தல. வூட்டுக்குப் போயி அவன நான் பாத்துக்கறேன்." பையன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். இதற்கு மேல் குனிந்தால் தரைதான். மகள் அவனைப் பார்த்த பார்வையில் அந்த விஷயம் இன்னும் முடியவில்லை என்பது தெரிந்தது. அவன் நிமிர்ந்து, "சாரி" என்றான். "அப்பறம் பேசலாம்" என்றாள் அவள்.

என்ன பேசினார்களோ, தையில் கல்யாணம் நடந்தது.

காரியத்தன்றே வேன் ஏறுவதற்கு முன்னால் நகரி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "பேனர் நீங்கதான? கல்யாணத்துக்கும் நீங்களே அடிங்க. பொண்ணோட நைனா படம் வெக்கணும், இதே படம். ஆனா இந்த நீலம் வேணா. பச்சத் தண்ணி மாதிரி கீது. ரோஸ் போடுங்க. மயில் போடுங்க."

அடித்தேன். ரோஸ் பின்னணி, இரண்டு மயில், நடுவில் ஜோடி. இறந்துபோன அப்பாவை வைக்கிற வழக்கமான மூலை வட்டத்தில் ராணி. அங்கே ஒரு சின்ன விளக்கும் போட்டேன். எனக்கும் புத்தி வந்திருந்தது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில், யாராவது பாராட்டமாட்டார்களா என்று பேனருக்குப் பக்கத்தில் நான் தற்செயலாக நிற்கிற மாதிரி நின்றிருந்தேன். வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலை பெரியப்பாவுக்கு. புதுச் சட்டை, அதே இரண்டு பேனா. நகரிப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் பேனரைப் பார்த்து நின்றார்.

"விளக்கு வெச்சு மூலையில ஒரு அம்மா கீறாங்களே, அவங்க யாருங்க?" என்று என்னைக் கேட்டார். நான் ஊதாத் துணியில் இருந்து ஆரம்பிக்கலாமா என்று தொண்டையைக் கனைத்தேன்.

"என் தம்பிங்க" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, அவர் மேல் பன்னீரைத் தெளித்து, "சந்தனம் எடுத்துக்கோங்க" என்றார்.